உணவோடு வருவது, பாறையில் தங்குவது: உப்புநீர்த் தொட்டியில் பொஸ்பேற்றுக் கட்டுப்பாடு

மலையகத்தில் உப்புநீர்த் தொட்டியின் கண்ணாடியில் பாசி ஏறினால் முதல் சந்தேகம் தண்ணீரின் மேல்தான் விழுகிறது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. புசல்லாவையில் ஒரு வீட்டுக்கு வரும் தண்ணீர், நீர்வழங்கல் சபைக் குழாயில் வந்தாலும் தோட்டத்துப் பீலியில் வந்தாலும், தேயிலை மலையிலிருந்துதான் இறங்குகிறது. மொரிஸ் வர்ம்ஸ் 1841இல் சீனத் தேயிலைச் செடிகளை நட்டதாகத் தேயிலை வரலாறு குறிக்கும் றொத்சைல்ட் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக இந்தச் சரிவுகள் உரம் கண்டு வருகின்றன. எப்பாவலைப் பாறையை அரைத்த பொஸ்பேற்றுத் தூளும் அந்த உரங்களில் ஒன்று. மலைக்குக் கீழே, 1985இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. 1999இல் கண்டி வாவியும் அதே பாசியால் பச்சையானது. இதையெல்லாம் அறிந்தவர், ‘நம்மூர்த் தண்ணீரிலேயே பொஸ்பேற்று நிறைந்திருக்கிறது, தொட்டியில் பாசி வராமல் என்ன செய்யும்?’ என்று கேட்பது இயல்பு. ஆனால் உப்புநீர்த் தொட்டியைப் பொறுத்தவரை இந்த முடிவு பிழையானது. அதை நம்பி இயங்குபவர் பணத்தையும் உழைப்பையும் தவறான வாசலில் கொட்டுகிறார். பொஸ்பேற்று உள்ளே வருவது பெரும்பாலும் நாம் போடும் உணவோடு. வெளியே போவது நாம் கையால் அள்ளி அகற்றுவதோடு மட்டும். இடையில் மிஞ்சுவது பாறையிலும் மணலிலும் தங்குகிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றிலிருந்தே வருகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 லீற்றர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, அதில் இரண்டு மூன்று சிறிய மீன்கள். நாளொன்றுக்கு 0.2 கிராம் உலர் தீவனம் போடுகிறோம். இத்தகைய தீவனத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பொஸ்பரசு இருக்கும். மீன்மா அதிகமாகச் சேர்த்த தீவனத்தில் இதைவிடக் கூடும். 0.2 கிராமில் 2 மில்லிகிராம் பொஸ்பரசு என்றால், பொஸ்பேற்றாகக் கணக்கிடும்போது அது 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். வளர்ந்து முடிந்த மீன் தான் தின்ற பொஸ்பரசில் கிட்டத்தட்ட முழுவதையும் கழிவாக வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே எதுவும் அகற்றப்படாவிட்டால் தொட்டியின் அளவு ஒவ்வொரு நாளும் லீற்றருக்கு 0.06 மில்லிகிராம் ஏறும்; வாரத்துக்கு மொத்தம் 43 மில்லிகிராம் சேரும். இனித் தண்ணீரைப் பார்ப்போம். குழாய்த் தண்ணீரில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் பொஸ்பேற்று இருக்கிறது என்று, சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வாரம் 10 லீற்றர் மாற்றுகிறோம். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நாளுக்கு ஒரு லீற்றர் ஊற்றுகிறோம். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 1.7 மில்லிகிராம். உணவோடு வருவது இதைப்போல் இருபத்தைந்து மடங்கு. தண்ணீரை எவ்வளவு சுத்தமாக்கினாலும் இந்த இருபத்தைந்தில் ஒன்றும் குறையாது.

கொத்மலை ஏன் பச்சையானது, பீலித் தண்ணீர் ஏன் அப்படி ஆவதில்லை என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. பதில் நம் காலடி மண்ணில் இருக்கிறது. இந்தச் சரிவுகளின் செம்மண் அமிலத்தன்மை கொண்டது. இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் நிறைந்தது. பொஸ்பேற்று இந்த ஒட்சைட்டுகளில் இறுகப் பற்றிக்கொள்ளும். தேயிலைக்கு இட்ட பொஸ்பேற்று உரத்தில் பெரும்பகுதி செடிக்கே கிடைக்காமல் போவதற்கும் இந்தப் பிடிப்புத்தான் காரணம். மண்ணுக்குள் வடிந்து பீலியில் தெளிவாக விழும் தண்ணீரில் கரைந்த பொஸ்பேற்று குறைவாக இருப்பது இதனால்தான். மழைக்காலத்தில் மண் கரைந்து ஓடும் கலங்கல் நீரின் கதை வேறு. அது பொஸ்பேற்றைச் சுமந்த மண்ணையே கீழே கொண்டு போகிறது. நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்வது முழுப் பள்ளத்தாக்கின் மண், மரக்கறித் தோட்டங்களின் எரு, ஊர்களின் கழிவுநீர் எல்லாம். அதை வைத்து வீட்டுப் பீலியைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் பருவமழையில் கலங்கி வரும் தண்ணீரை மட்டும் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அப்படியானால் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி வீண் செலவா? இல்லை. பொஸ்பேற்றைப் போல் நைத்திரேற்றை இந்த மண் பிடித்து வைப்பதில்லை. அது தெளிந்த தண்ணீரோடும் வரும். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு சேர்ந்த பூஞ்சண மருந்துகள் தெளிக்கப்படும் மலை இது. சில வீடுகளில் செம்புக் குழாய்களும் இருக்கலாம். மீன் தாங்கும் செம்பை இறாலும் நத்தையும் முருகையும் தாங்காது. பாறைநீரில் கரைந்து வரும் சிலிக்கேற்றோ பழுப்பு நிற டயற்றம் பாசியை வளர்க்கும். ஆகவே உப்பு கலக்கவும் ஆவியானதை ஈடுசெய்யவும் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துவதே சரி. மேட்டிலிருந்து தன் போக்கில் இறங்கும் குழாயில் அழுத்தம் போதாவிட்டால் சிறிய அழுத்தப் பம்பு ஒன்றும் தேவைப்படும். வாங்குபவர் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும். பொஸ்பேற்றுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அளப்பதில்தான் மிக அதிகமான குழப்பம் நேர்கிறது. முதலாவது அலகு. சில கருவிகள் பொஸ்பேற்றை நேரே காட்டும். சில பொஸ்பரசை மட்டும், அதுவும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கல்ல, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் காட்டும். ஹன்னா நிறுவனத்தின் சிறிய கருவிகளில் இரண்டு வகையும் உண்டு. பொஸ்பரசு காட்டும் கருவியின் எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் பொஸ்பேற்று என்று கிடைக்கும். 20 என்று காட்டினால் 0.06. நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் மலிவான சோதனைப் பெட்டிகள் நன்னீர்த் தொட்டிக்குப் போதும். ஆனால் 0.03க்கும் 0.1க்கும் உள்ள வேறுபாடு அவற்றில் கண்ணுக்குத் தெரியாது. சோதனைக் குப்பியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது. தொட்டித் தண்ணீராலேயே அலசி, விரல் தடம் இல்லாமல் துடைத்து அளக்கவேண்டும். இரண்டாவது குழப்பம் இதைவிட ஆழமானது. 1962இல் மர்ஃபியும் ரைலியும் வகுத்த மொலிப்டினம் நீல முறையின் வழிவந்த இந்தச் சோதனைகள், தண்ணீரில் தனியாகக் கரைந்து நிற்கும் பொஸ்பேற்றை மட்டுமே காட்டுகின்றன. மீன் கழிவிலும் அழுகும் உணவிலும் பாசியின் உடலிலும் கட்டுண்டு கிடப்பது இவற்றுக்குத் தெரியாது. பாறை முழுக்க நூல்பாசி அடர்ந்த தொட்டியில் சோதனை 0.00 காட்டுவது அடிக்கடி நடப்பது. அங்கே பொஸ்பேற்று இல்லாமல் இல்லை; வந்த வேகத்தில் பாசி அதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே ஒரு நாள் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். வாரம் ஒருமுறை, உணவு போடுவதற்கு முன், ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

எந்த எண்ணை நோக்கி நகரவேண்டும்? வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் பொஸ்பேற்று பெரும்பாலும் லீற்றருக்கு 0.02 மில்லிகிராமுக்கும் கீழே. முருகை வளர்க்கும் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது 0.03 முதல் 0.1 வரை; மீன் மட்டும் உள்ள தொட்டியில் இன்னும் கூடினாலும் மீனுக்குப் பெரிய கேடு இல்லை, பாசித் தொல்லை மட்டும் ஏறும். மேல் எல்லைக்கு ஆதாரம் அவுஸ்திரேலியாவின் வன் ட்ரீ தீவில் கின்சியும் டேவிசும் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு. அங்கு ஒரு முருகைத்திட்டுக்கு எட்டு மாதம் பொஸ்பேற்றும் நைதரசனும் ஊட்டினார்கள். பொஸ்பேற்று நம் கணக்கில் ஏறத்தாழ 0.19 வரை உயர்த்தப்பட்டது. திட்டின் சுண்ணாம்புப் படிவு பாதிக்கும் கீழே விழுந்தது. முருகையின் எலும்புக்கூடு படியும் பரப்பில் பொஸ்பேற்று குறுக்கே நின்று பளிங்கு வளர்வதைத் தடுப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கீழ் எல்லைக்கு ஆதாரம் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. நைத்திரேற்று கூடி, பொஸ்பேற்று கிடைக்காமல் போன முருகைகள், வெப்பமும் வெளிச்சமும் கூடும்போது எளிதில் வெளிறிப் போகின்றன என்று அவர்கள் 2013இல் காட்டினார்கள். ‘கடலில் 0.02க்கும் கீழே வாழும் உயிருக்கு நாம் ஏன் அதைவிடக் கூடக் கொடுக்கவேண்டும்?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. கடலில் கரைந்த பொஸ்பேற்று குறைவுதான். ஆனால் இரவும் பகலும் மிதவை உயிர்கள் முருகையின் வாயைத் தேடி வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுத் தொட்டியில் அந்த வரத்து இல்லை. அதனால் கரைந்த வடிவில் சிறிதளவு விட்டு வைக்கவேண்டியிருக்கிறது.

இனிப் பாறை. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாததால் கைவிடப்பட்ட தொட்டிகள் ஏராளம். தொட்டியில் அடுக்கும் பாறையும் முருகை மணலும் கல்சியம் காபனேற்று. பொஸ்பேற்று அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் மறுபடி கழன்று வரும். உப்புநீரில் இந்த ஒட்டலையும் கழற்சியையும் பிராங்க் மில்லெரோவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் அளந்து காட்டினார்கள். பாறை ஒரு சேமிப்புப் புத்தகம் மாதிரி. சோதனைக் கருவி காட்டுவது கைச்செலவுக் காசை மட்டும். பல மாதம் 0.5இல் நின்ற தொட்டியில் மருந்து போட்டு ஒரே நாளில் பொஸ்பேற்றை 0.1க்கு இறக்கினால், சில நாளில் அது மீண்டும் ஏறி நிற்கும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று அதைத் தூக்கி எறிபவர் உண்டு. மருந்து வேலை செய்தது. பாறை தன் இருப்பைத் திறந்துவிட்டது. ஏரிகளிலும் இதே வகையான தாமதம் உண்டு. வெளியிலிருந்து வரும் கழிவை நிறுத்திய பிறகும், அடிச்சேறு விடும் பொஸ்பேற்றால் பல ஏரிகள் தெளியப் பத்து, பதினைந்து ஆண்டு எடுக்கின்றன. தொட்டிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஆனால் சில வாரங்களாவது, சில வேளை மாதங்களாவது ஆகும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் பாறை வாங்கும்போதே கவனம் வேண்டும். மற்றவர் தொட்டியைக் கலைத்து விற்கும் பழைய பாறை மலிவாகக் கிடைக்கும்; அது பொஸ்பேற்று ஏறிய பாறையாக இருக்கலாம். ஒரு வாளியில் புதிதாகக் கலந்த உப்புநீரை ஊற்றி, பாறையை இட்டு, சிறு பம்பு ஒன்றை ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்து அளந்து பாருங்கள். 0.2, 0.3 என்று ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, இறங்கிய பிறகே தொட்டிக்குள் வையுங்கள். கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது முருகைக்கல் பொறுக்கி வரலாம் என்ற எண்ணம் வேண்டாம். கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வதும் எடுப்பதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், சுண்ணாம்புச் சூளைக்காகத் தென்கரையில் முருகைக்கல் அள்ளியதால் கரை அரித்துப் போன நாடு இது.

கட்டுப்பாடு உணவில் தொடங்குகிறது என்றால் மீனைப் பட்டினி போடச் சொல்கிறேனா? நிச்சயமாக இல்லை. ஒல்லியாகிப்போன மீன் நோய்க்கு எளிதில் ஆளாகும். பாசியைக் குறைக்க மீனைக் காயப்போடுவது கொடுமை. குறைக்கவேண்டியது மீன் தின்னாமல் விடும் உணவை. ஒரு சிட்டிகை என்று கையால் போடுபவர் அரை கிராம் வரை போட்டுவிடுவார். சிறிய நகைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் போதும், கை தானாக அளவுக்கு வந்துவிடும். இரண்டு வேளையாகப் பிரித்து, கீழே விழும் முன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். அப்போது பம்பை நிறுத்தி வைத்தால் உணவு வடிகட்டிக்குள் போய் அழுகாது. உறைந்த உணவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், கிராமுக்குக் கிராம் பார்த்தால் அதில் பொஸ்பரசு குறைவு. அதை உருக்கி அலசிப் போட்டால் பொஸ்பேற்றுப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அலசுவதில் போவது உருகிய நீரில் உள்ளது மட்டும். பெரும்பகுதி தசைக்குள் இருக்கிறது. அலசுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி அளவைக் கூட்டவேண்டாம். சந்தையில் வாங்கிய மீனை அரைத்துப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: எலும்பே கல்சியம் பொஸ்பேற்றுத்தான். நெத்தலியை முள்ளோடு அரைத்துப் போடுவது பொஸ்பேற்றை அரைத்துப் போடுவது. உரித்து உறையவைத்துப் பொதியில் விற்கும் இறாலிலும் ஈரம் காக்கப் பொலிபொஸ்பேற்று சேர்த்திருக்கக்கூடும். பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். புதிய இறாலை ஓடு நீக்கி நறுக்கிப் போடுவது நல்லது.

வந்ததை வெளியே எடுப்பது அடுத்த வேலை. வாராவாரம் பத்து வீதம் தண்ணீர் மாற்றினால் போதும் என்று நம்புபவர்களுக்காக மேலே போட்ட கணக்கையே தொடர்கிறேன். வாரத்துக்கு 0.43 ஏறும் தொட்டியில் பத்து வீத மாற்றம் மட்டும்தான் ஒரே வழி என்றால், பத்தில் ஒரு பங்கு 0.43க்குச் சமமாகும் வரை அளவு ஏறிக்கொண்டே போகும், 4.3இல்தான் நிற்கும். தண்ணீர் மாற்றத்தின் உண்மையான பயன், அந்த வேளையில் மணலுக்குள் குழாயை விட்டு அழுக்கை உறிஞ்சி எடுப்பதில் இருக்கிறது. அழுக்கு சிதைந்து பொஸ்பேற்றாகக் கரையும் முன்னே வெளியேறிவிடுகிறது. ஸ்கிம்மர் செய்வதும் இதே வேலைதான். கரைந்த பொஸ்பேற்றை அது நேரே பிடிக்காது. கரைவதற்கு முன் உள்ள சேதனப் பொருளை நுரையாக்கி எடுக்கும். ஆகவே ஸ்கிம்மர் கிண்ணத்தையும் வடிகட்டிப் பஞ்சையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவவேண்டும். இரண்டு வாரம் தொட்டியிலேயே கிடக்கும் பஞ்சு எதையும் அகற்றவில்லை, ஓரிடத்தில் சேர்த்து அழுகவைக்கிறது. இடம் உள்ளவர்கள் சம்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியில்) விளக்கு வைத்துக் கீற்றோமோர்பா பாசியை வளர்க்கலாம். 100 கிராம் ஈரப் பாசி காய்ந்தால் பத்துக் கிராம் அளவில் வரும். அதில் நூற்றுக்கு 0.2 பங்கு பொஸ்பரசு என்று வைத்தால், அறுபது மில்லிகிராம் பொஸ்பேற்று வெளியேறுகிறது. நம் எடுத்துக்காட்டுத் தொட்டியின் பத்து நாள் வரவு அது. ஆனால் வெட்டி எடுத்தால்தான் கணக்கு. வளரவிட்டு வேடிக்கை பார்த்தால் பயன் இல்லை. கண்ணாடியில் சுரண்டிய பாசியையும் தண்ணீரில் கலக்கவிடாமல் எடுத்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் பிறகே கடையில் விற்கும் உறிஞ்சிகள். இரும்பு ஐதரொட்சைட்டுக் குறுணைகள் 1990களில் பேர்லினில் குடிநீரிலிருந்து ஆசனிக்கை நீக்க உருவாக்கப்பட்டவை. ஆசனிக்கைப் பிடிக்கும் அதே பரப்பு பொஸ்பேற்றையும் பிடிக்கும். தேயிலைச் சரிவின் செம்மண் செய்வதையே சிறு குடுவைக்குள் செய்கின்றன. ‘அப்படியானால் முதல் நாளே இதைப் போட்டுவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். உணவைச் சீர்செய்யாமல் போட்டால் குறுணை சில நாளிலேயே நிறைந்துவிடும். விலை உயர்ந்த அதை ஓயாமல் மாற்றவேண்டி வரும். இன்னும் முக்கியமானது, பொஸ்பேற்று திடீரென விழுந்தால் முருகையின் நுனிகள் வெளிறி உரிந்துபோகும். பொதியில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். தூள் போகும்வரை ஆர்.ஓ. நீரில் அலசி, தண்ணீர் மெதுவாக ஏறும் குடுவையில் இடுங்கள். குடுவைக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்தால் குறுணை நிறைந்துவிட்டது என்று மாற்றுங்கள்.

லந்தனம் குளோரைட்டு மலிவு, வேகமும் அதிகம். ஆனால் அது பொஸ்பேற்றோடு சேர்ந்து மிக நுண்ணிய வெண்துகளாகத் தண்ணீரில் மிதக்கும். அது செவுளில் படிந்து மீன்கள், சிறப்பாகச் சேர்ஜன் மீன்கள், மூச்சுத் திணறி இறந்திருக்கின்றன. காபனேற்றோடும் அது சேர்வதால் தண்ணீரின் காரத்தன்மையும் இறங்கும். மீனில்லாத வாளியில் பழைய பாறையைச் சுத்தப்படுத்த அது நல்ல கருவி. மீன் இருக்கும் தொட்டியில், நுண்வடிகட்டிப் பை வழியாகத் துளித்துளியாக விடத் தெரியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 0.00 வந்ததும் வெற்றி என்று எண்ணிக் குறுணையை அப்படியே விட்டுவைப்பவரின் தொட்டியில், சில வாரத்தில் பழுப்பு நிறச் சளி, காற்றுக்குமிழ்களோடு மணலிலும் பாறையிலும் படரக்கூடும். டைனோஃபிளாஜெலேற்று எனப்படும் அந்த உயிரி, மற்றப் பாசிகள் பசியால் பின்வாங்கிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை ஒழிப்பது பச்சைப் பாசியை ஒழிப்பதைவிடப் பலமடங்கு கடினம். பாசியே இல்லாத, முருகை நிறம் மங்கிவரும் தொட்டியில் இரண்டு வாரம் தொடர்ந்து 0.00 வந்தால் முதலில் குறுணையை எடுத்துவிடுங்கள். அடுத்த வாரமும் எண் அசையாவிட்டால் கீற்றோமோர்பாவுக்கான விளக்கு நேரத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் உணவைச் சற்றுக் கூட்டுங்கள்: 100 லீற்றரை 0.03க்கு உயர்த்த 3 மில்லிகிராம் பொஸ்பேற்றுப் போதும், அது 0.1 கிராம் உலர் தீவனத்தில் இருக்கிறது. அதில் ஒரு பங்கைப் பாறை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால், கூட்டிய அளவை நான்கைந்து நாள் அப்படியே தொடர்ந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.